ஒண்ணு, அஞ்சு, நாலு, எட்டு

தாத்தாவோடு போட்ட வாதங்களில் நான் ஜெயித்தது ஒன்றே ஒன்றுதான். அதிலும் நான் சொன்னது தப்பு என்று தெரிய எனக்குப் பதினோரு வருஷம் ஆனது.

2008. மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு மேல்சித்தாமூர் வந்திருந்தேன். பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிட்டது. எங்கள் வீடுகளில் விளக்கு வைத்தபின் சாப்பிடும் வழக்கம் கிடையாது, தாத்தா கடைசிவரை அதில் கறார். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவர் யுத்த காலத்தில் திண்டிவனம் – செஞ்சி ரோட்டில் ஓடிய ஒரு பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். பதினாலு வயசில் சேர்ந்து, இருபது வயசில் விட்டுவிட்டு நிலத்துக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அறுபது வருஷம் விவசாயம் பார்த்தார். ஆனால் பேச்சென்று எடுத்தால் அந்த ஆறு வருஷம்தான்.

“எங்க வண்டிக்கு எட்டு சிலிண்டருடா,” என்றார்.

அந்த செமஸ்டரில்தான் எஞ்சின் பேப்பர் எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. “பஸ்ஸுக்கு ஏது தாத்தா எட்டு சிலிண்டர்? இன்னிக்கி ஓடுற பெரிய பஸ்ஸுக்கே ஆறுதான். நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க.”

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். “படிச்சவன் நீ. சொன்னா சரியாத்தான் இருக்கும்.” குரலில் கோபம் எதுவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். 2011இல் காலமாகும்வரை அந்த பஸ்ஸைப் பற்றி என்னிடம் அவர் திரும்பப் பேசவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இரண்டு கைகளாலும் முழங்கால்களில் தட்டிக்கொண்டே வாய்க்குள் ஒரு எண் வரிசை சொல்வார். ஒண்ணு, அஞ்சு, நாலு, எட்டு, ஆறு, மூணு, ஏழு, ரெண்டு. வலது, இடது, வலது, இடது, இடது, வலது, இடது, வலது. நடுவில் இடது கை இரண்டு தடவை வரும். அந்த இடத்தில் தாளம் தடுக்குவதுபோல இருக்கும். சின்ன வயசில் இது ஏதோ மந்திரக் கணக்கு என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் மடம் இருக்கிறது, பார்சுவநாதர் கோயில் இருக்கிறது. வினைகள் எட்டு, மங்கலப் பொருள்கள் எட்டு என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எட்டு எண்களை ஒருவர் முணுமுணுத்தால் அது பக்தி என்றுதானே தோன்றும்.

2019இல் பெங்களூரில் ஒரு ராத்திரி. ஆபீஸ் வேலை, ஒரு ரிலீஸ் முடிவதற்காகக் காத்திருக்கும் வெட்டி நேரம். பழைய எஞ்சின்களைப் பற்றி எதையோ படித்துக்கொண்டிருந்தேன். 1932ஆம் வருஷத்து ஃபோர்டு வி8. அதில் எந்த சிலிண்டர் எதற்கடுத்து வெடிக்கும் என்ற வரிசை போட்டிருந்தது: 1-5-4-8-6-3-7-2.

அதை இரண்டு தடவை படித்தேன். அந்த எஞ்சினில் வலது வரிசையில் இருப்பவை 1, 2, 3, 4. இடது வரிசையில் 5, 6, 7, 8. கையை முழங்காலில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். எட்டும் ஆறும் இடது பக்கம், அடுத்தடுத்து. தாத்தா தாளம் தப்பவில்லை. எஞ்சினே அப்படித்தான் ஓடியிருக்கிறது.

*

இந்த எட்டு எங்கிருந்து செஞ்சி ரோட்டுக்கு வந்தது என்று தேடியதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஏன் எட்டு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். மற்ற நேரமெல்லாம் அது சும்மா சுமை. எங்கள் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் விட்டுவிட்டு இழுத்தால் தேர் குலுங்கும், நிற்கும், மறுபடி குலுங்கும். நாலு பேர் முறை வைத்து இழுத்தால், ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடிப்பார், ஆனாலும் கைமாறும் இடத்தில் வடம் ஒரு கணம் தொய்யும். எட்டுப் பேர் என்றால் ஒருவர் பாதி இழுக்கும்போதே அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். வடம் தொய்வதே இல்லை. எட்டு சிலிண்டரில் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆரம்ப காலத்தில் எட்டைத் தேடியவர்கள் வேகத்துக்காக மட்டும் தேடவில்லை, இந்த வழுவழுப்புக்காகவும்தான்.

எட்டு சிலிண்டரை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒரே நேர்வரிசையில் நிறுத்தலாம், அல்லது நாலு நாலாகப் பிரித்து, விரித்த புத்தகம்போல இரண்டு பக்கம் சாய்த்து நிறுத்தலாம். இரண்டாவதுதான் வி8.

வி8 பிறந்தது பிரான்சில். லியோன் லெவவசூர் என்ற எஞ்சினியர் 1902இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். முதலீடு போட்டவரின் மகள் பெயர் அந்துவானெத், எஞ்சினுக்கும் அதே பெயர். அது முதலில் போனது காருக்கு இல்லை, பந்தயப் படகுக்கு. பிறகு ஆகாயத்துக்கு: 1906 நவம்பரில் சாந்தோஸ் துமோன் பாரீஸில் 220 மீட்டர் பறந்தது இந்த எஞ்சினை வைத்துத்தான். லெவவசூருக்கு எடை குறைவாக, சக்தி அதிகமாக ஒன்று வேண்டியிருந்தது. குட்டையான வி8 அதற்குத் தோதாக இருந்தது. அதே காலத்தில், பறக்கும் எந்திரம் செய்யப் பார்த்த இன்னொரு பிரெஞ்சுக்காரரான கிளெமான் ஆதேர், 1903இன் பாரீஸ் – மாட்ரிட் பந்தயத்துக்கு வி8 காரை இறக்கினார். வழியெல்லாம் விபத்தும் சாவுமாகி போர்தோவிலேயே அரசாங்கம் நிறுத்திவிட்ட பந்தயம் அது. நேர்வரிசைக்காரர்களும் சளைக்கவில்லை. அமெரிக்காவின் அலெக்சாண்டர் வின்டன் அதே வருஷம் இரண்டு நாலு சிலிண்டர் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து எட்டாக்கி, அயர்லாந்துப் பந்தயத்துக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு புரோகிராமை ஒட்டி மூன்றாவது ஒன்று செய்யும் எங்கள் தொழில் புத்தி அப்போதே இருந்திருக்கிறது.

1905 கடைசியில் டராக் கம்பெனியின் 25 லிட்டர் வி8 மணிக்கு 176 கிலோமீட்டர் தொட்டு உலக சாதனை படைத்தது. அதே 1905இல் ரோல்ஸ் ராய்ஸ் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வி8. மூன்றரை லிட்டர் எஞ்சினை வைத்து, அதை வேண்டுமென்றே மணிக்கு 20 மைலுக்கு மேல் போகாதபடி கட்டிப்போட்டார்கள். அன்றைய இங்கிலாந்தின் வேக வரம்பு அது. காரின் பெயரே ‘லீகலிமிட்’, சட்ட வரம்பு. சத்தமில்லாமல், குலுங்காமல், கரண்டில் ஓடும் கார்போல மெதுவாகப் போவதற்கு எட்டு சிலிண்டர்! மூன்றோ நாலோ செய்தார்கள், யாரும் சீந்தவில்லை. இன்றைக்கு ஒன்றுகூட மிச்சமில்லை.

விற்பனைக்கென்று வரிசையாகச் செய்யப்பட்ட முதல் வி8, 1910இல் வந்த தெ தியோன் பூத்தோன். அதைப் பார்த்துப் பாடம் படித்தவர்கள் அமெரிக்காவின் கேடில்லாக் கம்பெனிக்காரர்கள். ஹென்றி லீலண்ட் தலைமையில், மெக்கால் ஒயிட் என்ற ஸ்காட்லாந்து எஞ்சினியரை வைத்து, 1914 செப்டம்பரில் வி8 கேடில்லாக்கை அறிவித்தார்கள். 5.1 லிட்டர், 70 குதிரைத்திறன். முதல் வருஷமே சுமார் 13,000 விற்றது. எட்டு சிலிண்டர் விளையாட்டுச் சாமான் இல்லை, சரக்கு என்று ஆனது அப்போதுதான். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் பீர்லெஸ், ஓல்ட்ஸ்மொபீல், செவர்லே என்று ஆளாளுக்கு வி8 போட்டார்கள்.

இந்த முதல் தலைமுறை வி8 எல்லாவற்றுக்கும் ஒரு வியாதி இருந்தது. கிராங்க் ஷாஃப்டின் நாலு வளைவுகளும் ஒரே தளத்தில், தட்டையாக இருந்தன. இரண்டு நாலு சிலிண்டர் எஞ்சின்களைச் சாய்த்து ஒட்டிய கணக்குதான். நாலு சிலிண்டருக்கே உரிய பக்கவாட்டு நடுக்கம் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து, குறிப்பிட்ட வேகத்தில் வண்டியையே உதறியது. வழுவழுப்புக்காக எட்டுக்குப் போனவர்களுக்கு இது பெரிய அவமானம். தீர்வு 1923இல் வந்தது: வளைவுகளைக் கூட்டல் குறிபோல 90 டிகிரிக்கு ஒன்றாகத் திருப்பி, எதிர் எடை வைத்தால் நடுக்கம் அடங்கிவிடும். கேடில்லாக்கும் பீர்லெஸ்ஸும் ஒரே சமயத்தில் இதைக் கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு மோதி, கடைசியில் பகிர்ந்துகொண்டன.

கூட்டல் குறியில் ஒரு விலை உண்டு. வலது, இடது, வலது, இடது என்று ஒழுங்காக மாறி மாறி வெடிக்க முடியாது. எங்கேயாவது ஒரே பக்கம் இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தே தீரும். ஃபோர்டில் அது எட்டும் ஆறும் இடது பக்கம். சுற்று முடிந்து ஆரம்பிக்கும்போது ரெண்டும் ஒண்ணும் வலது பக்கம். வி8 எஞ்சினுக்கென்று ஒரு குமுறல் சத்தம் உண்டு, படங்களில் கேட்டிருப்பீர்கள். அந்தத் தடுக்கலின் சத்தம்தான் அது. தாத்தாவின் முழங்காலில் நான் கேட்டதும் அதுதான்.

நேர்வரிசை எட்டின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அது பணக்காரர் பக்கம் போயிற்று. 1919இல் இத்தாலியின் இசோட்டா ஃபிராஸ்கினி, 1921இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயை ஜெயித்த டூசன்பெர்க், 1923இல் பேக்கார்ட், 1924இல் புகாட்டியின் டைப் 35. நீளமான கிராங்க் ஷாஃப்ட் ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும், அதற்கு வேறு வைத்தியம். நீண்ட பானெட் பார்க்க அழகு. இந்தூர் ஹோல்கர் மகாராஜா 1930களில் இங்கிலாந்தில் பாடி கட்டி வாங்கிய டூசன்பெர்க்கின் படத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அந்த எட்டுக்கும் செஞ்சி ரோட்டுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை.

*

செஞ்சி ரோட்டுக்கு எட்டு வர ஒருவர் அதை மலிவாக்க வேண்டியிருந்தது. ஹென்றி ஃபோர்டு.

1929இல் செவர்லே, நாலு சிலிண்டர் விலைக்கே ஆறு சிலிண்டர் தருகிறோம் என்று சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஃபோர்டுக்கு ஆறு சிலிண்டர் என்றாலே ஆகாது. போட்டிக்கு ஆறு செய்வதற்குப் பதில் எட்டுக்குத் தாவிவிடுவோம் என்று முடிவெடுத்தார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. டியர்பார்னில், எடிசன் பயன்படுத்திய பழைய பரிசோதனைச்சாலை ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தி வைத்திருந்தார். அதற்குள் சில எஞ்சினியர்களை உட்காரவைத்து ரகசியமாக வேலை நடந்தது.

அதுவரையிலான வி8கள் பெரும்பாலும் துண்டு துண்டாக வார்த்து போல்ட் போட்டு இணைத்தவை. இரண்டு சிலிண்டர் வரிசை தனித்தனி, கிராங்க் பெட்டி தனி. ஒவ்வொன்றையும் கடைந்து, பொருத்தி, சரிபார்க்க வேண்டும். அதனாலேயே விலை. ஃபோர்டு எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் எடுக்கச் சொன்னார். இதில் அவர் முதல் ஆள் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் வைகிங், ஓக்லண்ட் கார்களில் 1929–30லேயே ஒற்றை வார்ப்பு வி8 வந்துவிட்டது. ஆனால் அவை நடுத்தர விலைக் கார்கள், எண்ணிக்கையும் கொஞ்சம். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில், மிகக் குறைந்த விலைக் காருக்குச் செய்ய நினைத்தவர் ஃபோர்டுதான்.

வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரியும். உருகிய இரும்பு எங்கே போகக்கூடாதோ அங்கெல்லாம் மணலால் செய்த உள்ளச்சை நிறுத்த வேண்டும். பட்டறையில் அதை ‘கோர்’ என்பார்கள். எட்டு சிலிண்டர் துளை, அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழி, புகை வெளியேறும் வழி, வால்வு இருக்கும் இடம் என்று டஜன் கணக்கில் கோர்கள். ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் மொத்தமும் காயலான் கடைக்குத்தான். சார்லஸ் சோரன்சன் மேற்பார்வையில் ரூஜ் தொழிற்சாலையில் ஆரம்பத்தில் வார்த்தவற்றில் பெரும்பகுதி அப்படித்தான் போனது. மெழுகு வைத்து ஒவ்வொரு விக்கிரகத்துக்கும் ஒரு அச்சு என்று செய்யும் நம்மூர் ஸ்தபதிக்கு இருக்கும் நிதானம் அங்கே கிடையாது. அங்கே அச்சு உடைந்துகொண்டேயிருக்கும்போதும் பெல்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

1932 மார்ச் 31 அன்று கார் வெளியானது. 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். விலை 460 டாலரில் ஆரம்பம். அதுவரை எட்டு சிலிண்டர் என்றால் அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். பொருளாதாரப் பெருமந்தத்தின் நட்ட நடுவில், வேலையில்லாத ஊரில், பணக்காரனின் எஞ்சின் சாதாரணனுக்கு வந்தது. கொள்ளைக்காரர்களுக்கும் வந்தது, 1934இல் பானியும் கிளைடும் சுடப்பட்டுச் செத்தது ஒரு ஃபோர்டு வி8இல்தான்.

மலிவாக்கியதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் நான் தேடிப்போன இடம்.

அந்த எஞ்சினில் வால்வுகள் இரண்டு வரிசைக்கும் நடுவே, பள்ளத்தில் இருந்தன. ஒரே கேம் ஷாஃப்ட் இரண்டு பக்கத்தையும் இயக்கிவிடும், செலவு மிச்சம். ஆனால் எரிந்த புகை நடுவில் வெளிப்படும், அதை வெளிப்பக்கம் கொண்டுபோக வேண்டும். அதற்காகப் புகைவழியை சிலிண்டர்களுக்கு இடையில், தண்ணீர் இருக்கும் அறைக்குள்ளாகவே குடைந்து கொண்டுபோனார்கள். பழைய வீடுகளில் வெந்நீர் போடும் செம்புப் பாய்லர் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் குழாய், அதற்குள் கரி நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். ஃபோர்டு வி8 அந்தப் பாய்லர்தான். சிலிண்டரைக் குளிரவைக்க ஊற்றிய தண்ணீரைப் புகைக்குழாய் சூடாக்கிக்கொண்டிருந்தது.

இதற்குமேல் பம்ப். முதல் ஐந்து வருஷம் தண்ணீர் பம்புகளை எஞ்சின் தலையின் மேல்முனையில் வைத்திருந்தார்கள். கீழிருந்து குளிர்ந்த தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதிலாக, கொதிக்கப்போகும் தண்ணீரை மேலிருந்து உறிஞ்சும் ஏற்பாடு. கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சினால் ஆவிதான் வரும், ஆவியை பம்ப் தள்ளாது. 1937இல்தான் பம்பைக் கீழே இறக்கினார்கள். வார்ப்பில் இருந்த மணல் துகள்கள் தண்ணீர் வழியில் தங்கிப்போய், ரேடியேட்டரை அடைப்பதும் உண்டு. பெட்ரோல் பம்பை எஞ்சினின் உச்சியில், சூட்டுக்கு நடுவே வைத்திருந்ததால் வெயில் காலத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். டெட்ராய்ட்டின் குளிரில் இவையெல்லாம் சின்னத் தொந்தரவுகள். பாறையும் புழுதியுமான செஞ்சிப் பக்கத்துச் சித்திரை வெயிலை அந்தப் பரிசோதனைச்சாலையில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

*

பிரிட்டனைத் தவிர்த்த பிரிட்டிஷ் பேரரசில் ஃபோர்டு கார் விற்கும் உரிமை கனடா ஃபோர்டிடம் இருந்தது. அவர்கள் 1926இல் இந்தியக் கிளைக் கம்பெனியைத் தொடங்கினார்கள். பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று இடத்திலும் வண்டி கோர்க்கும் கூடங்கள் வந்தன. கனடாவிலிருந்து பெட்டிகளில் உதிரிகள் கப்பலில் வரும், இங்கே இறக்கிப் பூட்டுவார்கள். லாரிச் சேஸாக வந்ததன்மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தில் கூடு கட்டினால் அது பஸ். 1840இலிருந்து குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ஸன் மாதிரி கம்பெனிகள் முதல் சின்ன ஊர்ப் பட்டறைகள்வரை இந்த வேலை நடந்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களின் தனியார் பஸ்களில் பாதி இப்படிப் பிறந்தவைதான். செவர்லேக்காரன் ஆறு சிலிண்டர், ஃபோர்டுக்காரன் எட்டு. நான் படித்த புத்தகத்தில் இருந்த பஸ், டீசல் வந்த பிறகான பஸ். அதற்கு முன்னால் ஒரு பெட்ரோல் காலம் இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாததை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தாத்தா வேலைக்குச் சேர்ந்தது 1942 வாக்கில். அந்த வருஷம் பர்மா ஜப்பான் கைக்குப் போயிற்று. பர்மா எண்ணெயும் போயிற்று. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் பின்னால் இரும்பு உருளை ஒன்றைப் பூட்டி, அதில் கரியைப் புகைய விட்டு, வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். அந்த கேஸ் பிளாண்டுகளைச் செய்து விற்றது. கரி வாயுவில் எஞ்சினின் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மேட்டில் ஜனங்களை இறக்கித் தள்ளச் சொல்வார்கள் என்பது அந்தக் காலத்தவர் எல்லாரும் சொல்லும் கதை. எனக்கு அதில் வேறொன்று உறைத்தது. எட்டு சிலிண்டர் இருந்ததால்தான் சக்தி குறைந்தும் ஒரு பஸ் பாரத்தை அது இழுத்திருக்கிறது. அதே யுத்தத்துக்குக் கனடா லட்சக்கணக்கில் ராணுவ லாரிகளைச் செய்து அனுப்பியது. அவற்றில் ஃபோர்டு செய்தவற்றின் பானெட்டுக்குள்ளும் இதே வி8இன் அடுத்த வடிவம். யுத்தம் முடிந்து டிஸ்போசலில் வந்த லாரிகள் நம் ரோடுகளில் ரொம்ப நாள் ஓடின.

கிளீனர் என்றால் துடைப்பவன் என்று அர்த்தம். தாத்தா துடைத்ததாகச் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. விடியுமுன்னே கரி உடைக்க வேண்டும், சல்லடையில் தூள் நீக்க வேண்டும், உருளையின் காற்றாடியைக் கையால் சுற்ற வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும். அதற்குமேல் தண்ணீர். எந்த ஊரில் எந்தக் கிணறு, எந்த ஏரியில் எந்த மாசம்வரை தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் கிளீனருக்குத்தான் தெரியும். ரேடியேட்டரில் ஆவி கிளம்பியதும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பெட்ரோலில் ஓட்டும் நாள்களில் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி, அது காயக் காய நனைத்துக்கொண்டே வர வேண்டும். இதை நான் பிறகு வேறு தேசத்துப் பழைய டிரைவர்களின் நினைவுகளிலும் படித்தேன். உலகம் முழுக்க அந்த எஞ்சினுக்கு அதே ஈரத்துணிதான். மழையில் வேறு பாடு. கரண்டு பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், ஃபேனுக்குப் பின்னால் இருக்கும். கலங்கலில் தண்ணீர் போகும்போது வண்டியை விட்டால் அது நனைந்து நின்றுவிடும். கழற்றித் துடைத்து, எட்டு ஒயரையும் எட்டு பிளக்குக்கும் சரியாக மாட்ட வேண்டும். ஒன்று மாறினாலும் வண்டி உதறும். எண் வரிசை அவருக்கு மனப்பாடம் ஆனது அப்படித்தான்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் ரேடியேட்டரில் ஊற்றுவாராம். டிரைவர் சிரிப்பாராம், “என்னா நயினாரே, வண்டியும் உங்க ஆளுங்கதானா?” என்று. எங்களில் குடிக்கும் தண்ணீரை அப்படித்தான் வடிகட்டுவார்கள், கண்ணுக்குத் தெரியாத உயிர் போகக்கூடாதென்று. ரேடியேட்டரில் கொதிக்கப்போகிற தண்ணீரானாலும் அவருக்குக் கை பழக்கம். மணலில் அடைபடும் சுபாவமுள்ள ஒரு எஞ்சினுக்கு அது எவ்வளவு நல்ல வைத்தியம் என்று அந்த டிரைவருக்கும் தெரிந்திருக்காது.

அவர் வலது முன்னங்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வேறு நிறத்தில், மெழுகு உருகி உறைந்ததுபோல இருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது பட்டது. பதினைந்து வயசில். கைக்குழந்தையாக நான் அந்தத் தோலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன் என்று பாட்டி சொல்வார். எரிபொருளின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் தண்ணீருக்குப் போகும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எங்கே போகும் என்று அந்தக் கேள்வியில் இல்லை.

ஃபோர்டு இந்தியாவில் வண்டி கோர்ப்பதை 1950களின் நடுப்பகுதிக்குள் நிறுத்திவிட்டது. இங்கேயே உதிரிகள் செய்யத் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசாங்கம் கொள்கை வகுத்தது காரணம். அமெரிக்காவில் அந்த எஞ்சினின் கடைசி வருஷம் 1953. நாற்பது வருஷம் கழித்து மறைமலைநகருக்கு ஃபோர்டு திரும்பி வந்ததும், 2021இல் நிறுத்தப்போவதாக அறிவித்ததும் என் தலைமுறைக்குத் தெரிந்த கதை. சென்னையிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த மதிலைத் தாண்டித்தான் போகிறேன்.

2019 பொங்கலுக்குப் பிறகு ஒருமுறை ஊருக்குப் போனபோது பரணில் ஏறித் தேடினேன். ஒரு பிஸ்கெட் டப்பாவில் துருப்பிடித்த ஸ்பார்க் பிளக் ஒன்று கிடைத்தது. மரையை அளந்து பார்த்தேன், 18 மில்லிமீட்டர். 1937வரையிலான ஃபோர்டு வி8க்கு அதே அளவுதான். ஆனால் அந்தக் காலத்தில் வேறு பல வண்டிகளுக்கும் அதுதான் அளவு, ஆகவே சாட்சியாக நிற்காது. எனக்கு முழங்கால் தாளமே போதும்.

அத்தைக்கு போன் போட்டேன். தாத்தாவின் மூத்த மகள், திண்டிவனத்தில் இருக்கிறார். ஃபோர்டு, கனடா, வெடிக்கும் வரிசை என்று பத்து நிமிஷம் மூச்சு விடாமல் சொன்னேன். “அத்தை, தாத்தா சொன்னது நெசம். எட்டு சிலிண்டர்தான்.”

“ஆமா, எட்டுதான்,” என்றார் அத்தை. “அதான் அவரு சொன்னாரே.”

நான் ஒன்றும் பேசவில்லை. பின்னால் குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

“சரி, தேருக்கு வருவியா மாட்டியா, அதைச் சொல்லு. போன வருஷமும் வரேன்னு சொல்லிட்டு வரல.”